ஆர்.கே.பேட்டை விலாசத்தோடு ஊர் திரும்பும் மகனுக்கு

மகனே,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். போன வாரம் கம்பெனி கேட்டில் உன்னை இரண்டு கண்ணாலும் பார்த்தேனே. கன்னம் உப்பியிருக்கிறது. சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டு, கன்றுக்குட்டிக்குக் கட்டுவது மாதிரி கழுத்தில் ஒரு நாடாவைக் கட்டி அதில் அட்டையைத் தொங்கவிட்டிருக்கிறாய். பூனாவில் நல்ல சோறுதான் போட்டிருக்கிறார்கள். நானும் நலம். என்னைக் காட்டி ஒருவர் கேட்டபோது, ‘தெரியாது சார்’ என்று சொன்னாயே, அதற்குப் பிறகும் வீட்டுக்கு வந்து மீன்குழம்பை ஊற்றி வயிறு நிறையச் சாப்பிட்டேன். உன் வார்த்தைக்கு என்னிடம் இருக்கிற மதிப்பு அவ்வளவுதான் என்று தெரிந்துகொள்.

இதை உன் அப்பா எழுதியிருக்க வேண்டும். என் அண்ணனைத்தான் உனக்குத் தெரியுமே. அடுத்தவன் மாடு நம் வயலில் இறங்கினால் மாட்டிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓட்டுகிற ஆள். அதனால் சித்தப்பாவாகிய நான் எழுதுகிறேன். அண்ணன் பிள்ளை, தம்பி பிள்ளை என்று நம் வீட்டில் யாரும் பிரித்துச் சொன்னதில்லை. உனக்குக் காதுகுத்தும்போது மடியில் உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டவன் நான். அன்றைக்கு நீ கடித்த தழும்பு இன்னும் என் முழங்கையில் இருக்கிறது. விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வருகிற திங்கட்கிழமை நீ நம் ஊருக்கு அடுத்தாற்போல் இருக்கிற கம்பெனியில் பெரிய உத்தியோகத்தில் சேரப்போகிறாய். சொந்த ஊர் ஆர்.கே.பேட்டை என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சேரப்போகிறாய். சேர்ந்ததும் உனக்கு முதல் வேலை, உன்னைப் போலவே வெளியூர் விலாசம் கொடுத்து உள்ளே புகுந்திருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகளைக் கண்டுபிடித்து வெளியே தள்ளுவது. அதற்கு நீ தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறாய். திங்கட்கிழமைக்குள் இந்தக் கடிதம் உன் கையில் இருக்க வேண்டும் என்றுதான் நாற்று நடவுக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் நின்றுபோனவன் எனக்குப் புத்தி சொல்வதா என்று உன் முகம் கோணுவது இங்கிருந்தே தெரிகிறது. நின்றுபோனேன் என்பது உங்கள் கணக்கு. நடந்தது வேறு. ஹெட்மாஸ்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, இதற்கு மேல் உனக்குச் சொல்லித்தர இந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லையப்பா என்று கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். அவர் மனசு நோகக்கூடாதே என்று நான் வெளியே வந்தேன். வந்து எளாவூர் செக்போஸ்ட்டில் டீக்கடை போட்டேன். கல்கத்தா ரோட்டில் வருகிற லாரியெல்லாம் வரிசையில் நிற்கும். ஒரிசாக்காரன், வங்காளி, சர்தார், ஆந்திராக்காரன் எல்லாரிடமும் அவனவன் பாஷையிலேயே பேசித்தான் டீ ஊற்றினேன். ஒரு சர்தார் டிரைவர் என் இஞ்சி டீயைக் குடித்துவிட்டுப் போய், லூதியானா போய்ச் சேர்ந்தும் நாக்கில் காரம் போகவில்லை என்று கார்டு எழுதிப் போட்டார். டிரைவர் கிளாஸைப் பிடிக்கிற பிடியை வைத்தே அவன் தார்ப்பாய்க்கு அடியில் என்ன ஏற்றி வருகிறான் என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட கண்ணுக்கு முன்னால்தான் நீ வந்து நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

நீ பூனாவுக்குப் போனபோது இந்தக் கம்பெனி இங்கே இல்லை. முள்ளும் புதருமாகக் கிடந்த மேட்டு நிலம். இப்போது சுற்றுச்சுவர், கண்ணாடி ஆபீஸ், வாசலில் தினமும் தண்ணீர் ஊற்றி வளர்க்கிற புல். மாடு தின்னக்கூடாத புல்லை வளர்க்கிற புத்தி படித்தவர்களுக்குத்தான் வரும். அந்தக் கம்பெனிக்கு ஒரு சட்டம் உண்டு. எங்கேயும் எழுதி ஒட்டியிருக்க மாட்டார்கள். ஒட்டினால் நான் டெல்லி வரைக்கும் போய்விடுவேன் என்று பயம். ஷிஃப்ட்டுக்கு ஊதுகிற சங்கு எந்தெந்த ஊர்க்காரன் காதில் விழுகிறதோ, அந்த ஊர்க்காரனுக்கு உள்ளே வேலை கிடையாது. இதுதான் சட்டம். உள்ளூர்க்காரன் சாவுக்கு லீவு போடுவான், சாமிக்கு லீவு போடுவான், திட்டினால் ஊரைக் கூட்டிக்கொண்டு வருவான் என்பார்கள். பொய்யா என்று கேட்டால், பொய் இல்லை. ஆரம்பத்தில் தெரியாமல் ஒருவனை எடுத்தார்கள், சூப்பர்வைசர் அவனைக் கைநீட்டி அடித்துவிட்டார் என்று நான்தான் ஊரைக் கூட்டிக்கொண்டு போனேன். கேட் முன்னால் அடுப்பு மூட்டிக் கருவாட்டுக் குழம்பு வைத்தோம். அந்த வாசனையில் உள்ளே ஒரு மிஷின்கூட ஓடவில்லை. மேனேஜரே கீழே இறங்கி வந்து ஒரு தட்டு வாங்கித் தின்றுவிட்டுத்தான் மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகு நம் ஊர்ப் பெயர் போட்ட விண்ணப்பத்தை உறையைக்கூடப் பிரிக்காமல் தூக்கிப் போடுகிறார்கள்.

அப்போது இந்த விலாச வித்தையைக் கண்டுபிடித்தவன் நான். இன்றைக்கு ஆரம்பாக்கத்திலும் கவரப்பேட்டையிலும் ஆளாளுக்குத் தான்தான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள், நம்பாதே. அம்மாவைக் கட்டிக்கொடுத்த ஊர் தெரிந்தால்தானே தொல்லை, அம்மா பிறந்த ஊர் யாருக்குத் தெரியப் போகிறது என்று யோசித்தேன். மாமன் வீட்டு விலாசத்தைப் போடு, திருவாலங்காடு, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, எது தூரமோ அதைப் போடு. வேலைக்காக வந்து பொன்னேரியில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறேன் என்று சொல். காலையில் எளாவூரில் ரயில் ஏறிப் பொன்னேரியில் போய் இறங்கு. அங்கே கம்பெனி பஸ் வரும், அதில் ஏறு. அது உன்னைத் திரும்ப நம் ஊர் வழியாகவே கொண்டுவந்து கம்பெனியில் இறக்கும். வரப்பு மேல் நடந்தால் ஒரு பீடி பிடித்து முடிப்பதற்குள் போய்விடுகிற தூரம். அதற்கு ரயிலும் பஸ்ஸுமாக ஊரைச் சுற்றி வருகிறார்கள். இதைக் கேட்டு உன் அப்பா சிரித்தார். என் அண்ணன் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

இதிலும் கெடுத்துக்கொண்டவன் ஒருவன் உண்டு. தேசிங்கு, தெரியும் இல்லையா, ஏரிக்கரையோரத்து வீடு. வேலையில் சேர்ந்து ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தான். ஒரு நாள் காலையில் பஸ் நம் ஊர் வழியாக வருகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த இவன் கண்ணில், இவன் வீட்டு நாற்றங்காலில் எருமை இறங்கி மேய்வது பட்டுவிட்டது. விவசாயி வீட்டுப் பிள்ளை, அவனால் எப்படிச் சும்மா இருக்க முடியும்? ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டு, “எம்மோவ்! எரும நாத்தாங்கால்ல பூந்துகினு கீது எம்மோவ்! ஓடியா!” என்று கத்தினான். அவன் அம்மா வாசலுக்கு ஓடிவந்தவள் எருமையைப் பார்க்கவில்லை, இவனைத்தான் பார்த்தாள். “டேய் தேசிங்கு, இன்னாடா நீ சோத்து டப்பாவ ஊட்லயே உட்டுட்டுப் பூட்ட? நிறுத்தச் சொல்லுடா வண்டிய!” என்று டப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓடிவருகிறாள். பஸ்ஸில் இருந்த சூப்பர்வைசர், “யாருப்பா அந்தம்மா?” என்று கேட்டார். “யாரோ தெர்ல சார், பாவம், எல்லாருக்கும் சோறு குடுக்கறவங்க போல” என்றான் தேசிங்கு. அன்று சாயங்காலமே அவனை அனுப்பிவிட்டார்கள். எருமை மட்டும் நாற்றங்காலை முடித்துவிட்டுத்தான் கரையேறியது.

அதற்குப் பிறகு நான் ஓர் உத்தரவு போட்டேன். பஸ் ஏரி மதகைத் தாண்டியதும் நம் பிள்ளைகள் அத்தனை பேரும் கண்ணை மூடித் தூங்கிவிட வேண்டும். கம்பெனி மதிலைப் பார்த்த பிறகுதான் விழிக்கலாம். வீடு எரிந்தாலும் எழுந்திருக்கக் கூடாது. அன்றையிலிருந்து அப்படித்தான் போகிறார்கள். சொந்த வீட்டு வாசலைத் தினமும் கண்ணை மூடிக்கொண்டு கடக்கிறார்கள். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற அன்றைக்குப் பம்பை அடித்துக்கொண்டு கம்பெனி ரோடு வழியாகத்தான் கரகம் வரும். உள்ளே மிஷினில் நிற்கிறவனுடைய அக்காள்தான் கரகத்துக்கு முன்னால் சாமியாடிக்கொண்டு வருவாள். அவன் தலையைத் திருப்ப மாட்டான், ஆர்.கே.பேட்டைக்காரன் நிற்கிற மாதிரியே நிற்பான். லீவு போடாத, சண்டை போடாத, முகத்தைக்கூடத் திருப்பாத அருமையான வெளியூர்ப் பிள்ளைகள் என்று கம்பெனியில் அவர்களுக்கு நல்ல பெயர். நாங்கள் மட்டும் வாரம் தவறாமல் கேட்டில் போய் உட்கார்ந்து, உள்ளூர்க்காரனுக்கு வேலை கொடு என்று கத்திவிட்டு வருகிறோம். கத்துவதை நிறுத்தினால் அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். இந்த யோசனையும் என்னுடையதுதான்.

இதையெல்லாம் நீ பூனாவிலிருந்து போனில் கேட்டுக் கேட்டுச் சிரித்தவன். நம் பக்கத்திலேயே வேலை காலியாகிறது என்று தெரிந்ததும், என் வித்தையையே எடுத்துக்கொண்டு, உன் அம்மா பிறந்த வீட்டு விலாசத்தை எழுதிப் போட்டாய். நான் கோபப்படவில்லை. பயன்படட்டும் என்றுதான் கண்டுபிடித்தேன். அப்பாவுக்குக் காலில் சர்க்கரைப் புண், கூட இருந்து பார்த்துக்கொள்ளப் போகிறேன், அதற்காகத்தான் பெரிய கம்பெனியை விட்டுவிட்டு வருகிறேன் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னாய். நானும் செக்போஸ்ட் வரைக்கும் போய் எல்லாரிடமும் சொன்னேன். பூனாவில் கவர்னரே வந்து போகாதே என்று தடுத்தார், எங்கள் பையன் அப்பாவுக்காக உதறிவிட்டு வருகிறான் என்று கொஞ்சம் சேர்த்தும் சொன்னேன். நீயோ வந்து இறங்கியதும் பொன்னேரியில் வீடு பிடித்தாய். வீடு என்றால் வீடா அது? பால்கனியில் ஒரு லுங்கி காயப்போட்டால் பக்கத்து வீட்டுக்காரன் மூக்கில் இடிக்கிறது. குழாயைத் திறந்தால் உப்பு. அங்கே இருந்துகொண்டு அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் போகிறாயாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்க வந்தாயே, அதை எழுதாமல் விட மாட்டேன். வண்டியில் வந்தாய். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. தெருவில் ஒருவரும் முகத்தைப் பார்த்துவிடக் கூடாதாம். தலையில் அந்தக் குடத்தோடு வாசல்படி ஏறி வந்தாய். கட்டிலில் உட்கார்ந்திருந்த உன் அப்பா நிமிர்ந்து பார்த்து, “இன்னா தம்பி, பார்சலா? கையெழுத்து போடணுமா?” என்று கேட்டார். நீ உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு, “நைனா, நான்தான்” என்றாய். அவர் உன் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த ஹெல்மெட்டையே பார்த்துக்கொண்டு, “வெயில்ல வந்துகீறே, கழட்டு, வேர்க்கும்” என்றார். நானாக இருந்தால் அதைப் பிடுங்கி நெல் அளக்க வைத்துக்கொண்டிருப்பேன். ஒரு பெட்டி மைசூர்பாகை வைத்தாய், சர்க்கரைக்காரருக்குப் போய் மைசூர்பாகு! இருட்டுவதற்கு முன்னால் போக வேண்டும் என்று மறுபடியும் அந்தக் குடத்தைக் கவிழ்த்துக்கொண்டு கிளம்பிவிட்டாய். நம் தெரு நாய்கூட உன்னை அடையாளம் கண்டு வாலை ஆட்டியது. நீதான் அதை எட்டி உதைத்தாய்.

அப்புறம் போன வாரம் கேட்டில் நடந்தது. நாங்கள் வழக்கம்போல உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தோம். நீ ஏதோ காகிதம் கொடுக்க வந்திருந்தாய் போல, உள்ளேயிருந்து மேனேஜரோடு வெளியே வந்தாய். கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர், மரியாதையாகத்தான் பேசுவார். எனக்கு முதலில் சந்தோஷம்தான். நம் பிள்ளை, பெல்ட்டும் பூட்ஸுமாக, மேனேஜருக்குச் சமமாக நடந்து வருகிறான் என்று வைத்த கண் வாங்காமல் பார்த்துவிட்டேன். அதுதான் வினையாகிவிட்டது. “ஏனுங்க, அந்தப் பெரியவர் உங்களையே பார்த்துட்டு நிக்கறாருங்களே, தெரிஞ்சவருங்களா?” என்று அவர் உன்னைக் கேட்டார். நீ என் முகத்தைப் பார்த்தாய். பார்த்துவிட்டு, “தெரியாது சார்” என்றாய். பொய் சொல்வது தப்பில்லை, நான் சொல்லாத பொய்யா? ஆனால் பொய்யை அப்படியா சொல்வது? முகம் நனைந்த அப்பளம் மாதிரி தொங்கிப்போய்விட்டது, கை நாடாவைப் பிடித்துத் திருகுகிறது. இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தால் நீயே உன்னைக் காட்டிக்கொடுத்திருப்பாய். என் பின்னால் ஒருவன், “இன்னாபா இது, சித்தப்பனயே…” என்று ஆரம்பித்தான். அவன் விலாவில் முழங்கையை விட்டேன்.

விட்டுவிட்டு முன்னால் போனேன். “யார் சார் இது, புது ஆபீசரா? ஆர்.கே.பேட்டைக்காரரு மாரி கீறாரு?” என்றேன். மேனேஜர் அசந்துபோனார். “அட, எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?” என்றார். “அந்தப் பக்கத்து ஆளுங்க நிக்கற நிப்பே வேற சார். மலையப் பாத்துகினே வளந்தவங்க, தலைய மேலயே வச்சிகினு நிப்பாங்க. நாங்க ஏரியப் பாத்து வளந்தவங்க, குனிஞ்சிகினே கீறோம்” என்றேன். மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். உன்னைச் சின்னப் பிள்ளையில் இடுப்பில் தூக்கித் திரிந்த பக்கத்து வீட்டு சரோஜாவும் சும்மா இருக்கவில்லை. “ஆபீசரே, உங்க அம்மா சௌக்கியமா? ஆர்.கே.பேட்டைலதான கீறாங்க? கேட்டதா சொல்லுங்க!” என்றாள். அன்று காலையில்தான் அவள் உன் அம்மாவிடம் உறை மோர் வாங்கிக்கொண்டு போயிருந்தாள். கூட்டமே வாயைப் பொத்திக்கொண்டது. அத்தனை பேரில் ஒரு ஆள் உன் பெயரைச் சொல்லவில்லை. பத்திரமாக உன்னைக் காரில் ஏற்றி அனுப்பினோம். நீ எழுதிக் கொடுத்த காகிதத்தை நம்பி அவர் உன்னை ஆர்.கே.பேட்டைக்காரன் என்று நினைக்கவில்லை மகனே, என் வாயை நம்பித்தான் நினைக்கிறார்.

இது வரைக்கும் எனக்கு உன் மேல் இளக்காரம்தான், வேறொன்றும் இல்லை. அன்று சாயங்காலம் உன் அம்மாவுக்குப் போன் செய்தாயே, அதைக் கேட்ட பிறகுதான் இந்தப் பேனாவை எடுத்தேன். உன் அம்மாவுக்குக் காது மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார் என்பதைக்கூட மறந்துவிட்டாய். நானும் உன் அப்பாவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தோம். சங்கு கேட்கிற ஊர்க்காரர்கள் சிலர் பொய் விலாசத்தில் உள்ளே இருக்கிறார்கள் என்று கம்பெனி மோப்பம் பிடித்திருக்கிறது, அவர்களைச் சலித்து எடுக்கிற வேலையை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்றாய். “உனக்கு அது பேஜாரு இல்லியாப்பா?” என்று உன் அம்மா கேட்டார். “எனக்கு ஈஸிம்மா. மத்தவங்க விலாசத்த வச்சித் தேடுவாங்க, நான் மூஞ்சியப் பாத்தாலே சொல்லிடுவேன். மொதல்லயே நல்ல பேர் எடுத்துடலாம். சித்தப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத” என்றாய். உன் அம்மா என்னைப் பார்த்தார். உன் அப்பா எழுந்து, ஊன்றுகோலைக்கூட எடுக்காமல், புண்காலோடு கொட்டகைக்குப் போய்க் கறவை மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கிப் போட ஆரம்பித்தார். ஏற்கெனவே போட்டிருந்தது. மறுபடியும் போட்டார்.

உன் மனசில் என்ன ஓடுகிறது என்று நான் சொல்லட்டுமா? நான்கு பேரை நீயே பிடித்துக் கொடுத்துவிட்டால், பிறகு உன்னை யார் சந்தேகப்படப் போகிறார்கள் என்ற கணக்கு. பூனாவில் கற்றுக்கொண்ட கணக்கு போலிருக்கிறது. எல்லாவற்றையும் பார்த்த எனக்கே இதைப் பார்க்கும்போது கூசுகிறது. வேலையில் கெட்டிக்காரனாக இரு, வேண்டாம் என்று சொல்லவில்லை. தூங்குகிறவனை எழுப்பு, திருடுகிறவனைப் பிடி, மிஷினைக் கெடுக்கிறவனை வெளியே அனுப்பு, அவன் நம் தெருக்காரனாக இருந்தாலும் நான் கேட்க மாட்டேன். இவர்கள் செய்த குற்றம் என்ன? அம்மா வயிற்றிலிருந்து இறங்கின இடம் சங்குக்குப் பக்கத்தில் இருந்துவிட்டது. அந்தக் குற்றத்தை நீயும்தான் செய்திருக்கிறாய். அதே மருத்துவச்சிதான் உங்கள் எல்லாருக்கும் பிரசவம் பார்த்தாள்.

முனிரத்தினம் என்று ஒருவன் உள்ளே இருக்கிறான். உன்னோடு ஏரியில் கெளுத்தி பிடித்துக் கையில் முள் ஏற்றிக்கொண்டவன். திருவாலங்காட்டு விலாசத்தில் சேர்ந்தவன், பெயின்ட் அடிக்கிற பிரிவில் நிற்கிறான். ஒவ்வொரு வார லீவுக்கும் உன் அப்பாவைத் தன் வண்டியில் வைத்துப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றிக் கொண்டுவந்து விடுகிறான். யாரும் சொல்லவில்லை, தானாகச் செய்கிறான். திரும்பும்போது இரண்டு பேரும் ஓட்டலில் இட்லி தின்றுவிட்டு வருகிறார்கள், அங்கே உன் அப்பா வாய்விட்டுப் பேசுகிறாராம். எங்களிடம் பேசாததையெல்லாம் அவனிடம் பேசுகிறார். அப்பாவைப் பார்த்துக்கொள்ளத்தான் வந்தேன் என்கிறாயே, உண்மையில் பார்த்துக்கொண்டிருப்பவன் அந்தக் கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் மறுநாள் ரயில் ஏறுகிறான். நீ முகத்தைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடுகிற முகம் அதுதான். முதலில் மாட்டப்போவது அவன்தான். கேட்டில் அன்றைக்கு நீ வந்து நின்றபோது அவனும் ஷிஃப்ட் முடிந்து உள்ளேயிருந்து வந்துகொண்டிருந்தான். உன்னைப் பார்த்தான், வழக்கம்போல வெளியூர்க்காரனாகக் கடந்து போய்விட்டான். சாயங்காலம் என்னிடம் வந்து, “இன்னா சித்தப்பா, உங்க ஆளு எங்களுக்கு ஆபீசரா? ஜோர்தான் போ. இனிமே பேஜாரு இல்ல” என்று சிரித்துவிட்டுப் போனான். நான் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. எதையும் சொல்லாமல் நான் இருந்தது அபூர்வம், எழுதி வைத்துக்கொள்.

செய்ய வேண்டியது சுலபம், உன்னைப் போன்றவனால்கூட முடியும். திங்கட்கிழமை போ. நாற்காலியில் உட்கார். விலாசங்களை ஒவ்வொன்றாகப் பார், மூக்குக் கண்ணாடி இருந்தால் போட்டுக்கொண்டு பார். ஒரு வாரம் போகட்டும். நன்றாக விசாரித்துவிட்டேன், எல்லாம் சரியாக இருக்கிறது, ஆர்.கே.பேட்டைக்காரர்கள் நல்ல உழைப்பாளிகள் என்று மேனேஜரிடம் சொல். அவருக்கு வேண்டியது உண்மை இல்லை மகனே, வண்டி நிற்காமல் ஓட வேண்டும், அவ்வளவுதான். அவர் டீ குடித்தால் கிளாஸைத் தளர்வாகத்தான் பிடிப்பார். எனக்கு அந்த வகை தெரியும். இல்லை, அந்த வேலையே எனக்கு ஆகாது, மிஷின் வேலை கொடுங்கள் என்று கேட்க உனக்குத் தைரியம் இருந்தால் இன்னும் நல்லது. அவ்வளவு தைரியம் உன்னிடம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஒன்றைக் கடைசியாகச் சொல்கிறேன். முனிரத்தினத்தையோ வேறு பிள்ளையையோ நீ வெளியே தள்ளினால், அவர்கள் போகிற வழியில் உன்னையும் காட்டிக்கொடுத்துவிட்டுப் போவார்களோ என்ற பயம் உனக்கு இல்லை. ஏன் தெரியுமா? அவர்கள் செய்ய மாட்டார்கள் என்று உனக்கு நன்றாகத் தெரியும். உன் அப்பா முகத்துக்காக வாயைத் திறக்க மாட்டார்கள். அவர்களுடைய அந்த நல்ல புத்தியை நம்பித்தான் நீ அவர்கள் கழுத்தில் கை வைக்கத் துணிந்திருக்கிறாய். நான் இத்தனை வருஷத்தில் எத்தனையோ மட்டமான ஆட்களுக்கு டீ ஊற்றியிருக்கிறேன். இந்த ரகத்துக்கு ஊற்றியதில்லை.

அவர்கள் சொல்ல மாட்டார்கள். நான் சொல்வேன். இந்தக் கடிதத்தில் உன் பெயரை நான் எழுதவில்லை, உன் அப்பா பெயரையும் நம் ஊர்ப் பெயரையும் எழுதவில்லை. முனிரத்தினம் என்பதும் நானாக வைத்த பெயர்தான், ஆள் யாரென்று உனக்குத் தெரியும். யார் கையில் கிடைத்தாலும் தங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வந்தது என்று நினைத்துப் படித்துக்கொள்ளட்டும், இந்தப் பக்கத்தில் எந்த ஊரிலும் இப்படி ஒருவன் இருப்பான். ஆனால் ஒரே ஒரு பிள்ளை வேலை போய் வீட்டுக்கு வந்தான் என்றால், மறுநாள் காலையில் சலவை வேட்டி கட்டிக்கொண்டு நான் கேட்டுக்கு வருவேன். கூட்டம் வராது, கோஷம் இருக்காது. செக்யூரிட்டி நோட்டைப் பிரித்து, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்பான். உன் முழுப் பெயரையும் சொல்வேன். உன் அப்பா பெயரையும், ஊரையும், தெருவையும் சொல்வேன். அந்தக் கோயம்புத்தூர் மனிதர் காதிலும் விழுகிற மாதிரிதான் சொல்வேன். என் குரல் உனக்குத் தெரியும், அந்தச் சங்கைவிடப் பெரியது. என்ன உறவு என்று செக்யூரிட்டி கேட்பான். மகன் என்று எழுதச் சொல்வேன். உன் வேலை போகும். போகட்டும். பூனாக்காரன் உன்னைத் திரும்ப எடுத்துக்கொண்டாலும் எனக்கு வருத்தம் இல்லை. இங்கே இருக்கிறவர்கள் இங்கே இருக்க வேண்டும்.

மற்றவை நேரில். கேட்டிலா, வீட்டிலா என்பதை நீயே முடிவு செய்துகொள்.

உன் சித்தப்பா